போஹின் ஏரிக்கு அரை நாள் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் பயணப் பக்கங்களை விடாமல் வாசிக்கிறவன் நான். ஐரோப்பா என்றாலே பத்து நாளில் ஏழு நாடு, காலையில் ஒரு ஊர் மாலையில் இன்னொரு ஊர் என்றுதான் பெரும்பாலான கட்டுரைகள் ஓடுகின்றன. ஸ்லோவேனியா வந்தால் பிளெட் ஏரி, நடுவில் தீவு, தீவில் தேவாலயம், அத்தோடு சரி. அங்கிருந்து சுமார் 25 கி.மீ. தள்ளி இருக்கும் போஹின் ஏரிக்கு ‘நேரமிருந்தால் போய்வரலாம்’ என்று ஒரு வரி கிடைத்தால் பெரிது. நேரம் இல்லாவிட்டால் போஹினுக்குப் போகவே வேண்டாம், நேரம் இருந்தால் வேறெங்கும் போகாமல் அங்கேயே ஒரு வாரம் தங்குங்கள் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

பட்டியல் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. தீவு இல்லை, பாறை உச்சியில் கோட்டை இல்லை. ஜூலியன் ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே, ஒரு காலத்தில் பனியாறு குடைந்துவிட்டுப் போன பள்ளத்தில், 4.2 கி.மீ. நீளமும் சுமார் ஒரு கி.மீ. அகலமும் 45 மீட்டர் ஆழமும் கொண்ட ஏரி. சுற்றிலும் திரிக்லாவ் தேசியப் பூங்கா. கிழக்குக் கரையில் ரிப்செவ் லாஸ் என்ற சின்ன ஊர், அங்கே ஒரு கல் பாலம், பக்கத்தில் புனித யோவான் தேவாலயம். அந்தப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பாருங்கள். தண்ணீர் அவ்வளவு தெளிவு, மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து அசையாமல் நிற்பதும் அவற்றின் நிழல் கூழாங்கற்கள் மேல் தனியாக விழுவதும் அப்படியே தெரியும். ஏரியில் மோட்டார் படகுக்குத் தடை, மின்சாரப் படகு மட்டும்தான், அதனால் துடுப்பு போடும் சத்தம்கூடக் கரைக்குக் கேட்கிறது.

இந்த ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனாலே உங்கள் நாட்கள் நிரம்பிவிடும். மேலே இருப்பதெல்லாம் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழையும் உருகுகிற பனியும் அதிகம் ஓடையாக ஓடுவதில்லை, பாறை வெடிப்புகளுக்குள் இறங்கிவிடுகின்றன. உயரமான மேய்ச்சல் வெளிகளில் நடக்கும்போது சுற்றிலும் பச்சைப் புல், ஆனால் ஓடும் தண்ணீரைப் பார்ப்பதே அபூர்வம். எல்லாம் காலுக்கடியில் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. அப்புறம் ஏரியின் மேற்கே, நேர்க்குத்தான பாறைச் சுவரின் நடுவிலிருந்து சாவிட்சா அருவியாகப் பீறிட்டு வருகிறது, 78 மீட்டர் உயரத்திலிருந்து. அருவிக்கு ஐந்நூறு படிகளுக்கு மேல் ஏற வேண்டும், ஆனால் நிழலான காட்டுப்பாதை, நின்று நின்று ஏறலாம். அந்தத் தண்ணீர்தான் ஏரிக்குள் வந்து, ரிப்செவ் லாஸ் பாலத்தடியில் வெளியேறி, கொஞ்ச தூரத்தில் மோஸ்ட்னிட்சா ஆற்றோடு கலந்து, சாவா நதியாகி, பெல்கிரேடில் டான்யூபில் சேர்கிறது. இதைத் தெரிந்துகொண்டு அருவி முன்னால் நிற்பதும், பேருந்திலிருந்து இறங்கி ஓடிவந்து செல்ஃபி எடுப்பதும் ஒன்றல்ல.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்லோவேனியாவிலேயே மழை அதிகமான பகுதிகளில் இது ஒன்று. நாங்கள் அங்கே இருந்தபோது ஒரு சுற்றுலாப் பேருந்து கொட்டுகிற மழையில் வந்து நின்றது. முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள். ஏரி பாதிக்கு மேல் மேகத்துக்குள், மலை இருப்பதற்கான அடையாளமே இல்லை. குடைக்கடியில் நின்று காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள், ஒரு அம்மா மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அவ்வளவு செலவழித்து வந்தவர்கள், மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் காலை வானம் திறந்தது. வடகரையில் கோவிட்ஸ் என்ற இடத்தில் பாறைத் துளைகளிலிருந்து, சாதாரண நாளில் வறண்டு கிடக்கும் இடத்திலிருந்து, தண்ணீர் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பெருமழைக்குப் பிறகு மட்டும் அது அப்படி வரும். தங்குகிறவருக்கு மழை நஷ்டமே இல்லை, மழைதான் அந்த ஊரின் பாதிக் கதை.

அந்த மழையைப் புரிந்துகொண்டால்தான் ஸ்டுடோர் கிராமத்தின் வைக்கோல் பந்தல்களும் புரியும். அறுத்த புல்லை ஈரத் தரையில் விட்டால் அழுகிவிடும் என்று, மரக்கம்பங்களுக்குக் குறுக்கே சட்டங்கள் கோத்து, மேலே கூரை போட்டு, அதில் புல்லை அடுக்கடுக்காகத் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். கொசோலெட்ஸ் என்று பெயர். வரிசையாக நிற்கும் அந்தப் பந்தல்களுக்குப் பக்கத்தில் போனால் உலர்ந்த புல் வாசனை மூக்கில் ஏறும். கோடையில் மாடுகளைப் படிப்படியாக உயரமான மேய்ச்சல் வெளிகளுக்கு ஓட்டிப்போய், செப்டம்பரில் இறக்குகிறார்கள். மேலே மரக்குடிசைகளில் பாலாடைக்கட்டி செய்வார்கள். மொஹான்ட் என்ற பாலாடைக்கட்டி இந்தப் பகுதிக்கே உரியது, வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

காரும் தேவையில்லை. யெசெனிட்சேயிலிருந்து நோவா கோரிட்சா போகும் ரயில் பாதை 1906-ல் திறந்தது, ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம் உள்ள பாதை. அதில் போஹின்ஸ்கா பிஸ்ட்ரிட்சாவில் இறங்கினால் ஏரிக்குப் பேருந்து உண்டு. தலைநகர் லியுப்லியானாவிலிருந்து பிளெட் வழியாக நேரடிப் பேருந்தும் வருகிறது. நடக்கிறவர்களுக்கு வழி கேட்கவே தேவையிருக்காது, மரத்திலும் பாறையிலும் சிவப்பு வட்டம், நடுவில் வெள்ளை, அதைப் பிடித்துப் போனால் போதும். நூறு வருஷமாக அந்த நாட்டு மலைப்பாதைகளுக்கு அதே அடையாளம்தான். ஏரியை முழுக்கச் சுற்ற சுமார் 12 கி.மீ., வடகரை காட்டுப்பாதை, தென்கரையில் தார்ச்சாலை. மோஸ்ட்னிட்சா பள்ளத்தாக்கையும் விட்டுவிடாதீர்கள், தண்ணீர் குடைந்து குடைந்து பாறையில் ஒரு யானை உருவமே நிற்கிறது, துதிக்கையை ஆற்றுக்குள் விட்டபடி. மலை உச்சிகளில் ஏறாமலே நெடுந்தூரம் நடக்க ஆசை உள்ளவர்களுக்கு, ஜூலியன் ஆல்ப்ஸைச் சுற்றி ஊர் ஊராகப் போகும் ஜூலியானா பாதை 2019-ல் திறந்தது, பிரதான சுற்று சுமார் 270 கி.மீ., அதில் போஹின் பக்கத்துப் பகுதியை மட்டும் நடந்துவிட்டுத் திரும்பினாலும் தப்பில்லை.

கிடைப்பதே பத்து நாள் லீவு, அதில் ஒரே ஒரு ஏரிதானா என்று உங்கள் வாசகர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஏழு நாடு பார்க்கிற பத்து நாளில் எத்தனை மணி நேரம் நெடுஞ்சாலையில் போகிறது, பெட்டியைக் கட்டிப் பிரிப்பதில் எத்தனை மணி போகிறது என்று ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும். பண்ணை வீடுகளில், சமையலறையோடு உள்ள அறைகளில் வாரக் கணக்கில் தங்கினால் செலவும் பெரும்பாலும் குறைகிறது. வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்: அவர்கள் கரையோரம் மெதுவாக நடக்கலாம், முடியாத நாளில் படகில் ஏரியின் மறுமுனைக்குப் போய் உட்கார்ந்திருக்கலாம், யாரும் கொடியைத் தூக்கிக்கொண்டு அவசரப்படுத்த மாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கோடையில் காரில் வந்து அரை நாளில் திரும்புகிற கூட்டத்தால் அந்த ஊர்க்காரர்கள் திணறுகிறார்கள். ஒரே பாதை, ஒரே கரை, நிறுத்த இடமில்லாமல் வரிசை. தங்குகிறவர் அங்கேயே சாப்பிடுகிறார், அங்கேயே வாங்குகிறார், நடந்தே போகிறார்.

ஆகவே ஆசிரியருக்கு என் வேண்டுகோள்: வாரத்தில் ஒரு பயணக் கட்டுரையாவது ஒரே ஊரைப் பற்றி, அங்கே தங்கி எழுதியதாக இருக்கட்டும். எந்தப் பேருந்து, எந்தப் பாதை, எந்தப் பருவம் என்று எழுதச் சொல்லுங்கள். பூங்காவுக்குள் ட்ரோன் பறக்கவிடக் கூடாது, கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கக் கூடாது, தீ மூட்டக் கூடாது என்பதையும் கட்டாயம் போடுங்கள், நம்மவர்கள் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். போஹினில் ஆரம்பிப்பதானால் செப்டம்பருக்கு ஆள் அனுப்புங்கள். அப்போது கூட்டம் குறைந்திருக்கும், மாடுகள் மலையிலிருந்து இறங்கும், அதை ஊரே சேர்ந்து கொண்டாடும் ‘மாடுகளின் நடனம்’ என்ற விழாவும் ஏரிக்கரையில் நடக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்