புதையலாக வந்த படிமங்களும் நான் பட்ட கடனும்

அன்புடையீர்,

வணக்கம். புதையல் சட்டத்தின் வழியே சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை வந்தடைந்த வெண்கலப் படிமங்களைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வின் வாய்மொழித் தேர்வு சென்ற மாதம் நடந்தேறியது. ஆய்வேட்டின் நன்றியுரைக்கு ஒதுக்கிய ஒன்றரைப் பக்கத்துக்குள் அடங்காதவர்கள் பலர் இருப்பதால் இம்மடலைப் பொதுவில் எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் குறிப்பிடவில்லை.

முதல் நன்றி என் நெறியாளருக்கு. படிமங்களின் முத்திரைகளையும் அணிகலன்களையும் ஆராயப்போகிறேன் என்று போய் நின்ற என்னிடம், "இது கோயிலிலிருந்து வந்ததா, வயலிலிருந்து வந்ததா?" என்று அவர் கேட்ட கேள்வியே ஆய்வின் திசையை மாற்றியது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளில் உள்ள உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து, உரியவர்களுக்குக் கொடுத்தால் போதும். சோழர் காலத்து வார்ப்பாக இருந்தாலும் கணக்கு உலோகத்துக்குத்தான். அந்த விதியை எனக்கு வரிவரியாகப் படித்துக் காட்டிய ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர் ஐயாவுக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் இல்லாவிட்டால் தாசில்தார் கடிதங்களின் சுருக்கெழுத்துகளே எனக்குப் புரிந்திருக்காது.

1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. பழைய பதிவேடுகளைத் தொட்டாலே தாள் உதிரும். அவற்றை ஒவ்வொரு பக்கமாகத் தாமே திருப்பிக் காட்டி, நான் குறிப்பெடுத்து முடிக்கும்வரை உடன் அமர்ந்திருந்த பணியாளர்களின் பொறுமையை எண்ணிப் பலமுறை வியந்திருக்கிறேன். கிரேவ்லியும் டி. என். இராமச்சந்திரனும் 1932இல் வெளியிட்ட உலோகப் படிம விவர அட்டவணையைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தை எனக்குக் கற்பித்தவர்களும் அந்தப் பணியாளர்களே. வேதியியல் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றிய அம்மா ஒருவர், படிமத்தைக் காக்கும் பச்சைப் படலம் எது, குளோரைடு உப்பும் காற்றின் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும் வெண்கல நோய் எது என்று கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். வெளிறிய பச்சை மாவாக உதிர்வதுதான் நோய் என்பதை அன்று கண்ணால் பார்த்திராவிட்டால், மூன்றாம் இயலை நான் துணிந்து எழுதியிருக்க மாட்டேன்.

இனி உதவித்தொகை. அருங்காட்சியகவியலும் பாதுகாப்பும் என்ற பாடத்தில் தேசியத் தகுதித் தேர்வு எழுதி இளநிலை ஆய்வு நிதிநல்கை பெற்றேன். மாதம் 37,000 ரூபாய் என்பது எங்கள் வீட்டில் அதுவரை எவரும் வாங்காத தொகை. ஆனால் மாதந்தோறும் கல்வி நிறுவனம் இணையத்தில் உறுதி செய்தால்தான் பணம் வரும். ஓர் அலுவலகத்தில் அந்த உறுதிப்பாடு தேங்கியதால் ஏழு மாதம் ஒன்றும் வரவில்லை. அந்த ஏழு மாதமும் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு சோறு போட்ட விடுதிச் சமையலறை அக்காவையும், மேசை மேசையாக என் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்த எழுத்தரையும் நிதிநல்கை வழங்கிய ஆணையத்துக்கு அடுத்த வரியில் அல்ல, அதே வரியில் வைத்து வணங்குகிறேன்.

காவிரிக் கழிமுகத்துச் சிற்றூர் ஒன்றில், தம் தாத்தா கிணறு வெட்டியபோது அம்மன் படிமம் கிடைத்த இடத்தைக் காட்டிய பெரியவரைத் தனியே சொல்ல வேண்டும். நான் பார்த்த பதிவில் ஊர்ப் பெயர் இருந்தது, வட்டம் இருந்தது, எடை இருந்தது. தாத்தாவின் பெயர் இல்லை. இரண்டு பகல் முழுவதும் திண்ணையில் அமர்ந்து, மண் எந்த ஆழத்தில் நிறம் மாறியது, முதலில் தென்பட்டது கையா முடியா, வண்டியில் ஏற்றும்முன் பெண்கள் மஞ்சள் நீர் ஊற்றியது என எல்லாவற்றையும் அவர் சொன்னார். புறப்படும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: அம்மன் இப்போது எப்படி இருக்கிறாள் என்று ஒரு படம்.

ஐயா, உங்கள் தாத்தாவின் பெயர் 143ஆம் பக்கத்தில் இருக்கிறது. படம் அதற்கு எதிர்ப்பக்கத்தில். தை பிறந்ததும் ஒரு படியை நேரில் கொண்டுவருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் ஆய்வு மாணவி