5:5 மாற்றப்பட்டது என்றால், எப்போது? ஃபத்வாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஃபத்வாக் குழு உலமாப் பெருமக்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும் (வரஹ்).

வேதக்கார (யூத, கிறிஸ்தவ) பெண்ணை முஸ்லிம் ஆண் மணப்பது பற்றிய கேள்விக்கு, "மாயிதா 5:5 வசனம் பகரா 2:221ஆல் மாற்றப்பட்டுவிட்டது, அந்த நிகாஹ் செல்லாது" என்று பதில் கொடுத்திருக்கிறீர்கள். 5:5 அந்த மணத்தை அனுமதிக்கும் வசனம்; 2:221 முஷ்ரிக் (இணைவைக்கும்) பெண்களை மணக்காதீர்கள் என்னும் வசனம். உங்கள் பதிலின் அந்த ஒரு வரியைத் திரும்பப் பெறுமாறு கேட்கிறோம்.

மாற்றும் வசனம் பின்னால் இறங்கியிருக்க வேண்டும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பகரா மதீனாவின் தொடக்ககால சூராக்களில் ஒன்று. மாயிதா கடைசியில் இறங்கியவற்றில் ஒன்று. இதை வைத்தே குர்ஆன் அறிஞர் அபூ ஜஅஃபர் அந்நஹ்ஹாஸ் (இறப்பு ஹிஜ்ரி 338) உங்கள் கூற்றை அன்றே மறுத்துவிட்டார்.

ஈஸாவைத் தன் இறைவன் என்று ஒருத்தி சொல்வதைவிடப் பெரிய ஷிர்க்கை (இணைவைப்பை) தாம் அறியவில்லை என்று இப்னு உமர் (ரலி) சொன்னது புகாரியில் இருக்கிறது. கனமான சொல்தான். ஆனால் அங்கே நஸ்க் (ஒரு வசனத்தின் சட்டத்தை இன்னொன்று மாற்றுவது) பற்றிப் பேச்சே இல்லை. முஷ்ரிக் பெண்கள் என்பதில் வேதக்காரப் பெண்களும் சேர்வார்களா என்பதே கேள்வி. சேர மாட்டார்கள், 2:221 வேதமில்லாத அரபு முஷ்ரிக் பெண்களைப் பற்றியது என்றார் முற்கால விரிவுரையாளர் கதாதா. விரிவுரையாளர் தபரீயும் அதையே ஏற்றார். அப்போது இரண்டு வசனங்களும் முட்டிக்கொள்வதே இல்லை. சேர்வார்கள் என்று வைத்தாலும் 5:5 ஒரு விதிவிலக்கு. இக்ரிமாவும் ஹஸன் அல்பஸ்ரீயும் இங்கே நஸ்க் என்றது இதைத்தான். முன்னோர்கள் தக்ஸீஸையும் (பொதுச் சட்டத்திலிருந்து சிலரை விலக்குவதையும்) அப்படியே அழைப்பார்கள். அவர்கள் சொன்ன திசையும் உங்களுக்கு நேர் எதிர். 2:221 முழுவதுமே போய்விட்டது என்றும் அவர்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், முஸ்லிம் பெண்ணை இணைவைப்பவருக்கு மணமுடித்துக் கொடுக்காதீர்கள் என்ற அதன் பின்பாதியும் சேர்ந்தல்லவா போயிருக்கும்!

இந்த வரி யார் தலையில் விழுகிறது என்று பார்த்தீர்களா? கணவர் இறந்துபோன ஒரு கிறிஸ்தவ மனைவியை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்கம் வேறு என்பதால் அவளுக்கு வாரிசுப் பங்கு இல்லை. கிடைக்கக்கூடியவை இரண்டுதான். கணவர் எழுதி வைத்திருந்தால், சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் (உயில்). இன்னொன்று, கணவர் கொடுக்காமல் வைத்த பாக்கி மஹர் (மணக்கொடை). அது கடன், பங்கு பிரிக்கும் முன்பே கொடுத்தாக வேண்டும். வஸிய்யத் எழுதாத வீட்டில் மஹர் மட்டுமே மிச்சம். அதையும் "நிகாஹே பாத்தில் (செல்லாது), மஹர் எதற்கு?" என்று மைத்துனர்கள் நிறுத்திவைக்க உங்கள் பதில் போதும். செல்லும் என்று நம்பிச் செய்த திருமணத்தில் பின்னர் குறை தெரிந்தாலும், சேர்ந்து வாழ்ந்தவளுக்கு மஹ்ருல் மிஸ்ல் (அவளைப் போன்ற பெண்களுக்கு வழக்கமான மஹர்) உண்டு, பிள்ளையின் நஸபும் (தந்தைவழி உறவும்) நிற்கும் என்ற ஃபிக்ஹ் சட்டத்தையாவது அடுத்த வரியில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

வேண்டாம் என்று தடுக்க வழியா இல்லை? ஹுதைஃபா (ரலி) ஒரு யூதப் பெண்ணை மணந்தபோது, அவளை விட்டுவிடும்படி உமர் (ரலி) எழுதினார். ஹராமா என்று ஹுதைஃபா கேட்டார். ஹராம் என்று சொல்லவில்லை, அவர்களில் ஒழுக்கமற்றவர்களிடம் போய்விடுவீர்களோ என்று அஞ்சுகிறேன் என்றார் உமர். காரணம் சொன்னார், வசனத்தில் கை வைக்கவில்லை. கற்புள்ளவளாக இருக்க வேண்டும், மஹர் கொடுக்க வேண்டும், கள்ள உறவு கூடாது என்று 5:5இலேயே நிபந்தனைகள் இருக்கின்றன. ஷாஃபிஈ மத்ஹப் அவள் முன்னோர் எப்போது அந்த மதத்தில் சேர்ந்தார்கள் என்பதையும் பார்க்கிறது. கண்டிப்பு வேண்டுமென்றால் இவற்றைச் சொல்லலாமே.

மாற்றப்பட்ட வசனங்களின் பட்டியலை அறிஞர் ஸுயூத்தி சுமார் 20க்குக் குறைத்தார், ஷாஹ் வலியுல்லாஹ் 5க்குக் குறைத்தார். நீங்கள் அதைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். சங்கடமான வசனம் எதிர்ப்பட்டால் மன்ஸூக் (மாற்றப்பட்டது) என்று முத்திரை குத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவது சுலபம்தான். தஃப்ஸீரை (குர்ஆன் விரிவுரையை) புரட்டும் சிரமமும் மிச்சம்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் ஹஜ்ரத். அந்த வரியைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது) என்பது உங்கள் தீர்ப்பானால், எந்த மத்ஹபின்படி, எந்தக் காரணத்தால் என்று எழுதுங்கள். நஸ்க் என்றே நிற்பதானால் எது முதலில் இறங்கியது, எது பின்னால் இறங்கியது, ஸஹாபாக்களில் யார் அப்படிச் சொன்னார் என்பதைக் காட்டுங்கள். ஏற்கெனவே பதில் வாங்கிச் சென்றவருக்கும் திருத்தத்தை எழுத்திலேயே அனுப்பிவையுங்கள்.

வஸ்ஸலாம்.