பாராமுகம்

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ இப்போது இருக்கிற வெளிநாட்டு ஊரிலிருந்து போனில் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "பஸ்ல ஏறினதுலேருந்து இறங்குற வரைக்கும் ஒருத்தர் என்னையே பார்த்துட்டு வந்தார்மா. இருபது நிமிஷம்." நான் பட்டென்று, "அதெல்லாம் கண்டுக்காதே" என்றேன். நீ "சரிம்மா" என்றாய். உடனே பேச்சு என் முழங்கால் வலிக்குப் போய்விட்டது. அந்தச் "சரிம்மா" எனக்குப் பழக்கமானதுதான். நானும் ஒரு காலத்தில் உன் பாட்டியிடம் அதே குரலில் சொல்லியிருக்கிறேன்.

முப்பது வருஷம் பிள்ளைகளின் நோட்டுகளில் சிவப்பு மையால் சுழித்தவள் நான். சொந்தத் தப்பைச் சுழிக்காமல் விட மனம் வரவில்லை. கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது, பாப்பா. நான் ஒரு நாள்கூட அப்படி இருந்ததில்லை.

அப்பாவின் வேலைக்காக நாம் போய் இரண்டு வருஷம் இருந்த அந்த வெளிநாட்டு ஊர் உனக்கு நினைவிருக்காது. உனக்கு அப்போது மூன்று வயது. அங்கே நம் நிறத்தில் நாம் மூன்று பேர்தான். அப்பா காலையில் போனால் இருட்டித்தான் வருவார். தெருவில் நடந்ததெல்லாம் நானும் நீயும். கடைகளின் கண்ணாடி முன்னால் சாமான் பார்ப்பதுபோல நின்று, பின்னால் யார் பார்க்கிறார்கள் என்று அதில் பார்ப்பேன். ஒரு பெஞ்சில் எப்போதும் நாலு பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கண்ணில் படாமல் இருக்க இரண்டு தெரு சுற்றிப் போவேன். கைக்குட்டை கீழே விழுந்தால் குனிந்து எடுக்கக்கூடக் கூச்சம். நான் குனிந்தால் என் நாடே குனிகிற மாதிரி இருக்கும். நீயோ என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, பார்க்கிற எல்லோருக்கும் டாட்டா காட்டுவாய். அவர்களும் பதிலுக்குக் காட்டுவார்கள். உன்மேல் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அடித்தார்களா, இல்லை. திட்டினார்களா, இல்லை. "பார்த்தார்கள்" என்று போய் யாரிடம் புகார் சொல்வது? சொன்னால், "பார்த்தா என்ன, தேய்ஞ்சா போயிடுவே?" என்பார்கள். பின்னால் சொன்னபோது அப்படியேதான் சொன்னார்கள். நான் தேய்ந்துதான் போனேன்.

ரிட்டயர் ஆன பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். அறிவியல் டீச்சர் புத்தி போகாது. மனிதக் கண்ணில் கருவிழியைச் சுற்றி வெள்ளை இவ்வளவு அகலமாகத் தெரிவதே அபூர்வமாம். 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இரண்டு பேர் குரங்கினங்களின் கண்களை மனிதக் கண்ணோடு ஒப்பிட்டு எழுதினார்கள். மற்ற இனங்களில் பெரும்பாலும் அந்தப் பகுதி கறுத்திருக்கும், பார்வை எந்தப் பக்கம் போகிறது என்று சட்டெனத் தெரியாது. நமக்கோ இது காட்டிக்கொடுக்கிற கண். எதிரில் இருப்பவரின் கருவிழி ஒரு நூல் நகர்ந்தாலும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகவே "நீயா கற்பனை பண்ணிக்கிறே" என்று யாராவது சொன்னால் நம்பாதே.

இன்னொன்று. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களில் ஏறக்குறைய 500 பேரை உட்காரவைத்து, திரையில் ஒரு முகம் அவர்களை நேருக்கு நேர் பார்ப்பதைக் காட்டி, எவ்வளவு நேரம் பார்த்தால் இயல்பாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். சராசரி 3.3 வினாடி. பஸ்ஸில் உன்னை அவர் பார்த்தது இருபது நிமிஷம். கணக்கு நீயே போட்டுக்கொள். நீ தொட்டாற்சுருங்கி இல்லை.

உன்னைத் தேற்ற வேறொரு ஆராய்ச்சியையும் எடுத்து வைத்திருந்தேன். 2000இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வெளியிட்டது. போட வெட்கப்படும்படியான படம் உள்ள டிஷர்ட்டை ஒரு மாணவருக்கு மாட்டி, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கிற அறைக்குள் அனுப்பினார்கள். போட்டவர்கள், அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய கால் பங்கு. நாம் நினைக்கிற அளவுக்கு நம்மை யாரும் பார்ப்பதில்லை என்பதற்கு இதை உதாரணமாகச் சொல்வார்கள். எழுதத் தொடங்கிவிட்டு நிறுத்தினேன். அந்தப் பிள்ளைகள் சாயங்காலம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உன் முகத்தை எங்கே கழற்றிப் போடுவது? உன்னைப் பார்க்கத்தான் பார்க்கிறார்கள். அதில் சமாதானம் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் முதுகுப் பக்கம் கொஞ்சம் சமாதானம் உண்டு. பின்னாலிருந்து யாரோ பார்க்கிறார்கள் என்று பிடரி குறுகுறுக்கும் இல்லையா? எனக்கு அந்த இரண்டு வருஷமும் கழுத்து வலியே அதனால்தான், நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பித் திரும்பி. அதே கார்னெலில் அந்தக் காலத்தில் டிட்ச்னர் என்று ஓர் உளவியல் பேராசிரியர் இருந்தார். 1898இல் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். முதுகுக்குக் கண் இல்லை என்பதுதான் முடிவு. நாம் சந்தேகப்பட்டுத் திரும்புகிறோம், அந்த அசைவுதான் பின்னால் இருப்பவரின் கண்ணை இழுக்கிறது, கண்ணும் கண்ணும் முட்டுகிறது, "பார்த்தியா, பார்த்துக்கிட்டுத்தான் இருந்தார்" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். எனக்கு இது இருபத்தெட்டு வயதில் தெரிந்திருந்தால் பாதித் தைலச் செலவு மிச்சம்.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். எர்விங் கோஃப்மன் என்று ஒரு சமூகவியலாளர். தெருவில் எதிர்ப்படுகிற இரண்டு அந்நியர்கள் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, உடனே கண்ணை விலக்கிக்கொள்வதை 1963இல் எழுதினார். "நீ இருப்பதைப் பார்த்துவிட்டேன், உன்னால் எனக்குப் பயமில்லை, நீ வேடிக்கைப் பொருளும் இல்லை" என்று அந்த விலக்கல் சொல்லாமல் சொல்கிறது. அதற்கு அவர் ஒரு பெயர் வைத்தார். தமிழில் நாகரிகமான பாராமுகம் என்று சொல்லலாம். நம் பேச்சில் பாராமுகம் என்றால் கோபித்துக்கொண்ட முகம், உறவை அறுத்துக்கொண்ட முகம். அந்த ஊரில் இருந்தபோது எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் கோஃப்மன் சொன்ன பாராமுகம்தான். மற்றவர்களுக்குக் கேட்காமலே கிடைத்தது. எனக்கு மட்டும் இல்லை. உனக்கும் அதுதான் இல்லாமல் போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. எனக்கு ஒன்பது வயதிருக்கும். எங்கள் தெருவுக்குள் ஒரு வெளிநாட்டுப் பெண் வழி தெரியாமல் வந்துவிட்டாள். பத்துப் பதினைந்து பிள்ளைகள் பின்னாலேயே போனோம், முன்னால் நான். அவள் நின்றால் நின்றோம், நடந்தால் நடந்தோம். யாரும் கல் எறியவில்லை, கேலி செய்யவில்லை, சும்மா பார்த்தோம். ஒரு திண்ணையில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். கட்டினாள், அவிழ்ந்தது. மறுபடி கட்டினாள். நான் மூன்றடி தள்ளி நின்றேன், அவள் விரல் நடுங்கியது தெரிந்தது. கயிறு கட்டக்கூடத் தெரியாதவள் என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தேன். அந்த விரல்கள் எனக்குப் புரிய ஏறக்குறைய இருபது வருஷம் ஆயிற்று, என் வீட்டுச் சாவி என் கையில் அதே மாதிரி ஆடிய அன்று.

அதனால்தான் பார்க்கிறவர்கள் எல்லோரையும் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறந்த குழந்தை எந்த நிறத்து முகத்தையும் ஒன்று போலத்தான் பார்க்குமாம். மூன்று மாதத்துக்குள் தன்னைச் சுற்றி இருக்கிற முகங்களின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. 2005இல் வந்த ஆய்வு. அறுபது எழுபது வருஷம் ஒரே மாதிரி முகங்களையே பார்த்தவருக்கு உன் முகம் கண்ணில் இடறுகிறது. இடறுவது இயல்பு, அதற்கு மேல் இருபது நிமிஷம் அதிலேயே நிற்பது அவர் முடிவு.

நடைமுறைக்கு வருகிறேன். வேடிக்கை பார்க்கிறவருக்குத் தான் பார்ப்பதே பாதி நேரம் தெரியாது. நீ லேசாகத் தலையசைத்தால் திடுக்கிட்டுச் சிரிப்பார், அல்லது செல்போனில் முகத்தைப் புதைப்பார். தலையசைத்த பிறகும் விலகாத கண் வேறு வகை. முகத்தை விட்டுக் கீழே இறங்குகிற கண்ணும் வேறு வகை. அந்த இரண்டுக்கும் நீ சிரிக்கவே வேண்டாம். எழுந்து டிரைவர் பக்கத்து இருக்கைக்குப் போ. அவரும் உன் பின்னாலேயே இறங்குகிற மாதிரி தோன்றினால் உன் நிறுத்தத்தில் இறங்காதே, வெளிச்சமும் ஆட்களும் இருக்கிற இடத்தில் இறங்கு. அவசர உதவி எண்ணைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கக் கூடாது, விரல் தானாகப் போக வேண்டும். "பாவம், தப்பா எடுத்துக்கப் போறார்" என்று அந்த நேரத்தில் யோசிக்காதே. தப்பாக எடுத்துக்கொள்ளட்டும்.

நீ இருக்கிற ஊர் மொழியில் "நன்றி" கற்றுக்கொண்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னாய். அதற்கு முன்னால் "வேண்டாம்" கற்றுக்கொண்டிருக்க வேண்டும். நாம் இருந்த ஊரில் ஒரு லிஃப்டில் முன்பின் தெரியாத பாட்டி ஒருத்தி என் பின்னலைத் தூக்கி நிறுத்துப் பார்த்தாள், கத்திரிக்கோல் ஒன்றுதான் கையில் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே சொல் நன்றி. நன்றி சொன்னேன்! இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. இப்போது போன் வேறு வந்துவிட்டது, கேட்காமல் படம் எடுப்பார்கள். கையை விரித்து, வேண்டாம். அவ்வளவு போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சில நாள் தலையசைக்கவும் தெம்பு இருக்காது. அன்றைக்கு அசைக்காதே. புத்தகத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடி, தலைகீழாகப் பிடித்தாலும் பரவாயில்லை. யாரும் பார்க்காத ஓரிடம், ஒரு தோழியின் அறையோ நூலகத்தின் மூலையோ, உனக்கென்று இருக்கட்டும்.

அங்கே பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மாள் தினமும் என்னை முறைப்பாள். சிரிப்பே கிடையாது. உனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் நாம் வெளியே போகவில்லை. எட்டாம் நாள் நான் மட்டும் போனேன். அவள் நேராக வந்து, தன் இடுப்பைத் தட்டிக் காட்டி, கையை விரித்தாள். இடுப்பில் இருந்த குழந்தை எங்கே என்று கேட்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை வைத்து ஊரெல்லாம் நல்லவர்கள் என்று கதை அளக்க வரவில்லை. அதே நிறுத்தத்தில் என் காலடியில் துப்பிவிட்டுப் போனவனும் உண்டு.

சொன்னால் சிரிப்பாய். ஊர் திரும்பி ரயிலை விட்டு இறங்கினோம், ஒரு ஆள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. அடுத்த நிமிஷமே, என்னடா இது, ஒருத்தருமே பார்க்கலையே என்றும் இருந்தது. மனசு அப்படித்தான், வெட்கம் கெட்டது.

கடைசியாக ஒன்று. இந்த மாதம் நீ அனுப்பிய நாலு போட்டோவிலும் ஹூடியின் தொப்பியை நெற்றி வரைக்கும் இழுத்து விட்டிருக்கிறாய். அதில் இரண்டு அறைக்குள் எடுத்தவை. குளிரா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு வருஷம் நான் சாம்பல் நிறத்தைத் தவிர வேறு நிறம் உடுத்தவில்லை. தெருவில் எப்படி வேண்டுமானாலும் போ, அது உன் இஷ்டம். அடுத்த போட்டோ மட்டும் தொப்பியைத் தள்ளிவிட்டு எடுத்து அனுப்பு, முகம் முழுக்கத் தெரிகிற மாதிரி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்ப்பேன். 3.3 வினாடியெல்லாம் எனக்குப் போதாது.

அன்புடன்,
அம்மா