திறந்த ஹெட்ஃபோனும் பேஸும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

நலம். பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று நீ எழுதிய பக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். எனக்கு மூட்டுவலி தணிந்திருக்கிறது, காலை நடையை மறுபடி தொடங்கிவிட்டேன். அவள் தூங்கும் நேரம்தான் இனி உனக்குப் பாட்டு நேரம் என்பதால், ஸ்பீக்கரை விட்டு ஹெட்ஃபோனுக்கு நீ மாறியதில் ஆச்சரியமில்லை. "பெயர் பெற்ற திறந்த ஹெட்ஃபோன், ஆனால் பேஸே இல்லை, விற்றுவிடலாமா" என்ற உன் கேள்விதான் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. விற்காதே, கொஞ்சம் பொறு.

திறந்த ஹெட்ஃபோனில் கப்பின் பின்பக்கம் மூடாமல் இருப்பதால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வெளியே போய்விடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது முன்பக்கத்தை. ஒலி எழுப்பும் டிரைவரின் சவ்வுக்கும் உன் காதுக்கும் நடுவே, காதைச் சுற்றி உட்காரும் மெத்தையான பேட் அடைத்து வைத்திருக்கும் சின்னக் காற்றறை எவ்வளவு இறுக்கமாக மூடியிருக்கிறதோ, அவ்வளவுக்கு பேஸ் நிற்கும். அந்த அறை கசியாமல் இருந்தால், சவ்வு எவ்வளவு தூரம் நகர்கிறதோ அதற்கேற்ற அழுத்தம் காதுக்கு அப்படியே வந்துசேரும், 20 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 20 அதிர்வு) வரைக்கும்கூட. இடுக்கு விழுந்தால் கீழ் அதிர்வெண்கள்தான் முதலில் போகும். மெதுவாக அசையும் காற்றுக்கு அந்த இடுக்கு வழியே நழுவ நேரம் கிடைக்கிறது, வேகமாக அசையும் காற்றுக்குக் கிடைப்பதில்லை.

இப்போது உன் கண்ணாடியை நினைத்துப் பார். பள்ளிக்கூட நாளிலிருந்தே தடித்த ஃபிரேம்தான் போடுகிறாய். அந்தக் கம்பு பேடைத் தூக்கிப் பிடிக்கிற இடத்தில்தான் உன் பேஸில் ஒரு பங்கு போகிறது. இன்று இரவே 40 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு, கண்ணாடியோடு கேள், பிறகு கழற்றிவிட்டுக் கேள். தட்டையாகிப் போன பழைய பேடும் இதே வேலையைச் செய்யும். உன்னுடையது இரண்டாம் கை என்பதால் அதையும் அழுத்திப் பார்த்துவிடு.

இதெல்லாம் சரியாக இருந்தாலும், உன்னுடையது டைனமிக் டிரைவர், அதாவது கம்பிச்சுருள் ஒன்று சவ்வைத் தள்ளும் வகை என்பதை மறக்கக் கூடாது. திறந்த டைனமிக்கில் துணி பேடும், டிரைவரைச் சுற்றி விட்டிருக்கும் துளைகளும் வேண்டுமென்றே வைக்கப்பட்ட கசிவுகள். 1968இல் வந்த சென்ஹைசர் எச்டி 414இல் காதுக்கும் டிரைவருக்கும் நடுவே வெறும் பஞ்சுதான் இருந்தது. அன்று தொடங்கி இந்த வகையில் பலவற்றுக்கும் ஒரே மாதிரிச் சுபாவம்: 80, 100 ஹெர்ட்ஸ் பக்கம் லேசான மேடு, அதற்குக் கீழே சரிவு. பேஸ் கிட்டாரின் கீழ் ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்திக் கிட்டாரின் பி 31 ஹெர்ட்ஸ். அடிப்படைச் சுருதி மெலிந்தாலும் 62, 93 என்று மேலே வரும் ஒலிகளை வைத்துக் காது அதை ஊகித்துக்கொள்கிறது. அதனால் சுரம் தெரிகிறது, கனம் தெரிவதில்லை. "மெட்டு கேட்கிறது, அடி விழவில்லை" என்று நீ எழுதியது இதைத்தான்.

கம்பித்தடம் பதித்த தட்டையான சவ்வு காந்தங்களுக்கு நடுவே அசையும் பிளானர் வகையில் கதை வேறு. யமஹா 1976இலேயே எச்பி 1 என்று ஒன்று செய்தது. பிறகு ஆடிஸி எல்சிடி 2 போன்றவை வந்து, திறந்த ஹெட்ஃபோனிலும் 20 ஹெர்ட்ஸை நெருங்கும் வரை கோடு போட்டது போல் பேஸ் நிற்கும் என்று காட்டின. அங்கே பின்பக்கம் திறந்தே இருக்கிறது. முன்பக்கம் தோல் பேடால் நன்றாக அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வால்வு ஆம்ப் (வெற்றிடக் குழாய் வைத்த பெருக்கி) வாங்கினால் பேஸ் கூடுமா என்றும் கேட்டிருந்தாய். கொஞ்சம் கூடும், ஆனால் நீ தேடுகிற இடத்தில் இல்லை. 300 ஓம் என்று போட்டிருக்கும் டைனமிக் ஹெட்ஃபோனின் மின்மறுப்பு (மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு), சவ்வு தானாகவே அதிகம் அதிரும் ஒத்ததிர்வு இடத்தில் 500 ஓம் வரைகூட ஏறும். ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பு 100 ஓம் என்று வைத்துக்கொள். கணக்குப் போட்டால் அந்த மேடு 1 டெசிபெல் அளவுக்கு உயர்கிறது. உயர்வது 80, 100 ஹெர்ட்ஸ் பக்கம்தான், 30 ஹெர்ட்ஸில் பெரிதாக எதுவும் மாறாது. அதற்காகப் பணம் போடாதே.

பணம் செலவில்லாத வழி ஈக்வலைசர், ஒலியில் வேண்டிய பகுதியை மட்டும் ஏற்றி இறக்கும் மென்பொருள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை மொத்தமாக உயர்த்தும் ஒரு லோ ஷெல்ஃப், 4 அல்லது 5 டெசிபெல். அதே அளவு ஒட்டுமொத்த ஒலியை (ப்ரீஆம்ப்) அதிலேயே குறைத்துவிடு, இல்லாவிட்டால் டிஜிட்டலிலேயே உச்சி வெட்டுப்படும். இதை ஏமாற்று வேலை என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஓலிவும் டாட் வெல்டியும் செய்த ஆய்வுகளில், நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் தருவது போல பேஸ் உயர்ந்திருக்கும் ஒலியைத்தான் பெரும்பாலோர் விரும்பினார்கள். நீ தேடுவதும் அதைத்தான். ஒரே எச்சரிக்கை: 6 டெசிபெல் ஏற்றினால் சவ்வு இரு மடங்கு அசைய வேண்டும். சின்ன டைனமிக் டிரைவர் சத்தமாக வைக்கும்போது அங்கே கரகரக்கத் தொடங்கும்.

இன்னொன்று, நீ இரவில் மெல்லக் கேட்கிறாய். 1000 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழ 2, 3 டெசிபெல் போதும், 20 ஹெர்ட்ஸுக்கோ 78 டெசிபெல் வேண்டும். ஒலியைக் குறைக்கக் குறைக்க முதலில் மறைவது பேஸ்தான். திறந்த கப் வழியாக மின்விசிறியின் உறுமலும் உள்ளே வந்து மிச்சத்தையும் மூடிவிடும். ஒரு இரவு விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பார். மார்பில் மோதும் அந்த உணர்வு மட்டும் எந்த ஹெட்ஃபோனிலும் வராது, அது உடம்பு கேட்பது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் திறந்த வகையை விட மாட்டேன். மூடிய கப்பில் பின்னால் போகும் அலை சுவரில் பட்டுத் திரும்பி சவ்வு வழியாகவே காதுக்கு வரும், அந்த மிச்ச ஒலி அடுத்த சுரத்தின் மேல் விழும். திறந்ததில் அது போனது போனதுதான். டபுள் பேஸில் விரல் தந்தியை விடும் கணமும், மரம் அதிர்ந்து அடங்குவதும் தனித்தனியே தெரிகின்றன. மிருதங்கத்தின் தொப்பி என்கிற இடப்பக்கத் தோலில் கை அழுந்தி எழும் கும்கி, வளைந்து எங்கே முடிகிறது என்றுகூடச் சொல்லிவிடலாம். அளவில் குறைந்த பேஸில் இவ்வளவு தகவல் இருப்பதுதான் எனக்கு இதில் பெரிய சந்தோஷம். உனக்கும் அது பிடிபடும் என்று நம்புகிறேன்.

ஆக வரிசை இப்படி: கண்ணாடி, பேட், விசிறி, அப்புறம் ஈக்வலைசர். எல்லாம் பார்த்தும் 30 ஹெர்ட்ஸில் ஏக்கம் தீரவில்லையென்றால், தாராளமாக விற்று பிளானருக்குப் போ. கனமாக இருக்கும், கழுத்தைப் பார்த்துக்கொள். கண்ணாடியைக் கழற்றியபோது 40 ஹெர்ட்ஸ் எவ்வளவு மாறியது என்று மறக்காமல் எழுது. பேத்தியின் படமும் ஒன்று அனுப்பு, இங்கே எல்லோரும் கேட்கிறார்கள்.

அன்புடன்,
உன் பழைய தோழன்