செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம். அடிலெய்டு வட்டாரத்தில் கேரவன் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களின் சங்கமான நம் சங்கத்தின் ஓராண்டுச் செயல்பாடுகளை இங்கே சமர்ப்பிக்கிறேன். வராதவர்களுக்கு மின்னஞ்சலில் வரும். சென்ற ஆண்டு அறிக்கையை எத்தனை பேர் திறந்தார்கள் என்று எனக்குத் தெரியும்; எண்ணிக்கையை இங்கே சொல்லப்போவதில்லை.

செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. இரண்டு முறை போதிய பேர் வராததால் தேநீரோடு கலைந்தது.

தீபாவளி ஒன்றுகூடல் நடந்தது. பொங்கல் விழா முர்ரே ஆற்றங்கரையில் நடந்தது. நெருப்பு அபாயக் காலம் என்பதால் விறகடுப்புக்கு வழியில்லை, கேஸ் அடுப்பில் பொங்கியது. பிள்ளைகளுக்கான கோலப் போட்டியும் நடந்தது.

ஜூன் பயணத்தை மாரீயிலிருந்து பேர்ட்ஸ்வில் வரையிலான 517 கிலோமீட்டர் மண்பாதையில் திட்டமிட்டிருந்தோம். மார்ச் மாதம் மேற்கு குயின்ஸ்லாந்தில் கொட்டிய மழை கூப்பர் ஓடை வழியாகக் கட்டி தாண்டா (ஐர்) ஏரியை நோக்கி இறங்கியதால் அந்தப் பாதை துண்டிக்கப்பட்டது. ஆகவே ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் கூபர் பெடி வரை போய்த் திரும்பினோம். ஏழு வண்டிகள் வந்தன. ஒரு டயர் போனது, ஒருவரும் தொலையவில்லை.

இனி, பயணம் போகும் உறுப்பினர்கள் இரவல் வாங்கும் சங்கத்தின் தொடர்புப் பெட்டி. இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதக் காரணம் உண்டு. "சங்கப் பணத்தில் செயலாளர் பொம்மை வாங்குகிறார்" என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது.

2024 அக்டோபர் 28 அன்று டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 3ஜி அலைவரிசையை மூடத் தொடங்கின. வோடஃபோன் அதற்கு முன்பே மூடிவிட்டது. நகரத்தில் இருப்பவர்களுக்கு இது செய்தி மட்டுமே. நமக்கு அப்படியல்ல. 4ஜி என்று அட்டையில் போட்டிருந்தாலும், பேச்சை, குறிப்பாக 000 என்ற அவசர எண்ணுக்கான அழைப்பை, 3ஜிக்கு இறக்கியே பேசிய கைபேசிகள் பல இருந்தன. ஊருக்குப் போனபோது சென்னையிலோ கொழும்பிலோ வாங்கிவந்து இங்குள்ள சிம்மைப் போட்டுக்கொண்ட கைபேசிகளில் இந்தச் சந்தேகம் கூடுதல். சோதிக்க ஒரு நிமிடம் போதும்: 3 என்ற எண்ணை மட்டும் 3498க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் பதில் வரும். இதை நான்கு முறை சுற்றறிக்கையில் எழுதினேன். பயணத்தன்று காலை போர்ட் ஆகஸ்டாவில்தான் இருவர் அனுப்பிப் பார்த்தார்கள்.

இன்னொன்று, சிம். டெல்ஸ்ட்ராவின் முழு வலையமைப்பு மக்கள்தொகையில் 99.7 விழுக்காட்டை எட்டுகிறது; அதையே வாங்கி விற்கும் மலிவு நிறுவனங்கள் பலவற்றுக்குக் கிடைப்பது 98.8 விழுக்காடு. ஒரு விழுக்காடுகூட வித்தியாசமில்லையே என்று தோன்றும். அது மக்கள்தொகைக் கணக்கு. நாம் கேரவனை இழுத்துக்கொண்டு போகும் நிலம் பெரும்பாலும் அந்த ஒரு விழுக்காட்டுக்குள்தான் கிடக்கிறது. மலிவு விலையில் முழு வலையமைப்பையும் தருவது பூஸ்ட் என்ற கைபேசி நிறுவனம். வரைபடத்தைப் பார்க்கும்போது வெளி ஆன்டெனா இருந்தால் எட்டும் பரப்பையும் வெறும் கைபேசிக்கு எட்டும் பரப்பையும் பிரித்துப் பாருங்கள். முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதை எதிர்பார்ப்பதுதான் வழக்கமான ஏமாற்றம்.

வெளி ஆன்டெனா வாங்குவோர் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 9 டிபிஐ (அலையை ஒருமுகப்படுத்தும் திறனின் அளவு) ஆன்டெனா தட்டை நிலத்தில் தொலைவுக்குப் போகும். அதன் கதிர் தட்டையாகப் படர்வதால் ஃபிளிண்டர்ஸ் மலைப்பக்கம் கோபுரத்துக்கு மேலேயோ கீழேயோ தப்பிவிடும். இரண்டு நிலத்துக்கும் பொதுவாக 6.5 டிபிஐ போதும். சிக்னல் பெருக்கிகளில் தொலைபேசி நிறுவனத்தின் அனுமதி பெற்ற வகை மட்டுமே சட்டப்படி சரி. இணையத்தில் மலிவாக வரும் மற்றவற்றைப் போட்டால் கோபுரத்தையே குழப்பும், அபராதமும் வரும். அனுமதி பெற்ற பெருக்கியிலும் வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் நெருங்கியிருந்தால் ஒன்றின் அலையை மற்றொன்று வாங்கிக் கருவி தானாகவே பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும். "வாங்கினேன், பயனில்லை" என்று சொன்ன வண்டிகளில் ஏறிப் பார்த்தபோது இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இல்லை.

பெட்டியில் இருப்பவை: செயற்கைக்கோள் இணையத்துக்கு ஸ்டார்லிங்க் மினி தட்டு ஒன்று, செயற்கைக்கோள் வழிக் குறுஞ்செய்திக் கருவி ஒன்று, ஜிபிஎஸ் உள்ள பிஎல்பி அபாயக் கருவி ஒன்று, வண்டிக்கு வண்டி பேச யுஎச்எஃப் ரேடியோ கைக்கருவிகள் நான்கு, தமிழில் எழுதிய கையேடு ஒன்று. செயற்கைக்கோள் தொலைபேசி ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். 2024 ஏப்ரலில் துரையா-3 செயற்கைக்கோள் பழுதானதும் இந்த நாட்டில் துரையா தொலைபேசிகள் வெறும் கட்டைகளாகின. அப்போது மலிவாக விற்பனைக்கு வந்த ஒன்றைச் சங்கத்துக்கு வாங்கச் சொன்ன உறுப்பினரின் பெயரை நான் குறிப்பிடவில்லை.

மினி தட்டைப் பற்றி வந்த புகார்களில் பாதி மின்சாரம் சார்ந்தவை. தட்டுக்கு 12 முதல் 48 வோல்ட் வரை வேண்டும். கேபிள் 15 மீட்டர். மின்சாரம் போய்வர 30 மீட்டர் கம்பி. தட்டு 40 வாட் இழுக்கும்போது 12 வோல்ட்டில் 3 ஆம்புக்கு மேல் ஓடுகிறது, மெல்லிய கம்பியில் சுமார் 2 வோல்ட் வழியிலேயே கரைகிறது. பேட்டரியில் 12.6 காட்டும், தட்டுக்குப் போய்ச் சேர்வது பத்தரை. தட்டு அணைந்து எழும், மறுபடி அணையும். "செயற்கைக்கோள் சரியில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 30 வோல்ட்டுக்கு உயர்த்தும் மாற்றியைப் போட்டால் ஆம்ப் ஒன்றரைக்குக் கீழே வரும், இழப்பு ஒரு வோல்ட்டுக்குள் நிற்கும். அந்த மாற்றி பெட்டியில் இருக்கிறது. சிவப்புக் கம்பியில் 10 ஆம்ப் ஃப்யூஸ் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு நேரே இணைக்க வேண்டாம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். சராசரி 30 வாட் என்று வைத்தால் மாலை நான்கு மணி நேரத்துக்கு 10 ஆம்ப்-அவர்; இரவும் பகலும் ஓடவிட்டால் 60. நூறு ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, குளிர்பெட்டியும் ஓட, மரநிழலில் நிறுத்தினால் சூரியத் தகடும் இல்லாமல், விடியும்போது இட்லி மாவும் கெட்டிருக்கும் இணையமும் போயிருக்கும். நிழல் வேண்டும் என்பவர்கள் வண்டியை நிழலில் விட்டுத் தட்டை வெயிலுக்கு இழுங்கள். 15 மீட்டர் கேபிள் இருப்பது அதற்காகத்தான். ஆப் காட்டும் பக்கம், நமக்குப் பெரும்பாலும் தெற்கு, மரமில்லாமல் இருக்க வேண்டும். ஆற்று யூகலிப்டஸின் ஒரு கிளை குறுக்கே வந்தாலும் பேச்சு நடுவில் விழும். தட்டைக் கூரையில் நிறுத்தக் காந்தக் கால் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: கேரவன் கூரை அலுமினியமோ ஃபைபரோதான், காந்தம் பிடிக்காது. உறிஞ்சும் கால் செம்மண் தூசியில் இரண்டு நாள் தாங்கும்.

தட்டு ஓடும்போது கைபேசியில் வைஃபை காலிங்கை இயக்கி வையுங்கள். இல்லையென்றால் இணையம் இருக்கும், வங்கியின் ஓடிபி வராது. இதை வீட்டிலேயே, ஃப்ளைட் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திறந்து சோதித்துக்கொள்ளலாம். தட்டும் இல்லாத இடத்தில், சாலையோர ரோட்ஹவுஸில் டெல்ஸ்ட்ரா பொதுத் தொலைபேசி இருந்தால், 2021 ஆகஸ்ட் முதல் நாட்டுக்குள் சாதாரணத் தரைவழி, கைபேசி எண்களுக்குக் காசில்லாமல் பேசலாம். பலருக்கு இன்னும் தெரியவில்லை.

யுஎச்எஃப் ரேடியோவுக்கு வருகிறேன். 80 வழிகள். 40 லாரிக்காரர்களுடையது, 18 கேரவன்காரர்களுடையது, 5ம் 35ம் அவசரத்துக்கு மட்டும், 22லும் 23லும் பேசக்கூடாது. பயணத்தில் இரண்டு வண்டிகளுக்கு முதல் நாள் முழுக்க மற்றவர்கள் பேசியது கேட்டது, அவர்கள் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. காரணம் எளிது. குழுவுக்கு 4ஆம் வழியை எடுத்திருந்தார்கள், அந்த இரண்டு வண்டிகளிலும் டூப்ளெக்ஸ் பொத்தான் அழுந்தியிருந்தது. 1 முதல் 8 வரையும் 41 முதல் 48 வரையும் டூப்ளெக்ஸில் இருந்தால் கேட்பது அந்த வழியில், பேசுவது 30 தள்ளி. 4இல் கேட்டு 34இல் பேசுவீர்கள். குரலை வாங்கித் தொலைவுக்கு மறுபடி அனுப்பும் மலையுச்சி ரிப்பீட்டருக்காகச் செய்த ஏற்பாடு அது. இனிமேல் குழுவுக்கு அந்த எண்களைத் தவிர்ப்போம். யாருடைய குரலும் கேட்கவில்லை என்றால் சிடிசிஎஸ்எஸ் (குறித்த தொனியோடு வரும் குரலை மட்டும் கேட்கவிடும் வசதி) அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நெடுஞ்சாலையில் 53.5 மீட்டர் நீள ரோட் டிரெயின் பின்னால் வந்து முந்தக் கேட்கும்போது 40இல் ஆங்கிலத்தில் பதில் சொல்லுங்கள். "அண்ணே, விடுறேன், போங்க" என்றால் அந்த ஓட்டுநருக்கு என்ன புரியும்?

பிஎல்பிதான் பெட்டியில் மிகச் சிறிய பொருள், அதில்தான் என் மனவருத்தம் மிகப் பெரியது. 406 மெகாஹெர்ட்ஸில் அபாய அலை அனுப்பும் அந்தக் கருவி உயிர்பெற்றால் செய்தி செயற்கைக்கோள் வழியே கான்பெராவில் உள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகும். அவர்கள் முதலில் செய்வது, பதிவில் உள்ள தொடர்பு எண்களை அழைத்து "யார் போயிருக்கிறார்கள், எந்த வண்டி, எந்தப் பாதை" என்று கேட்பது. கருவி சங்கத்துடையது, இரவல் வாங்குபவர் மாறிக்கொண்டே இருப்பார். ஆகவே ஒவ்வொரு முறையும் ஆம்சாவின் (ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தின்) இணையப் பதிவில் பயண விவரத்தையும் வண்டி எண்ணையும் வீட்டிலிருப்பவரின் எண்ணையும் மாற்ற வேண்டும். செலவில்லை, பத்து நிமிட வேலை. இவ்வாண்டு பெட்டி ஒன்பது முறை வெளியே போனது. பதிவு மாற்றப்பட்டது மூன்று முறை. மற்ற ஆறு பயணங்களில் எவராவது ஊட்நடாட்டா பாதையில் கவிழ்ந்திருந்தால், மீட்பு மையம் அடிலெய்டின் பிராஸ்பெக்டில் வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த முந்தைய இரவல்காரரின் மனைவியை அழைத்து விசாரித்திருக்கும்.

இயக்கும் முறை மூடியின் உள்ளே ஒட்டியிருக்கிறது: ஆன்டெனாவை முழுக்க விரித்து மேல்நோக்கி நிறுத்துங்கள், திறந்த வானம் தெரிய வையுங்கள், ஆள் வரும்வரை அணைக்காதீர்கள். குறைந்தது 24 மணி நேரம் அலை அனுப்பும். வண்டியை விட்டு நடக்காதீர்கள். தவறுதலாக இயங்கிவிட்டால் அணைத்துவிட்டு மையத்துக்குத் தொலைபேசுங்கள். தண்டனை கிடையாது, மறைப்பதுதான் தவறு. விளையாட்டுக்குச் சோதனைப் பொத்தானை அழுத்த வேண்டாம். ஒவ்வொரு அழுத்தலும் நாமாக மாற்ற முடியாத பேட்டரியைத் தின்கிறது.

"என் கைபேசியிலேயே செயற்கைக்கோள் இருக்கிறது, பெட்டி எதற்கு" என்று கேட்பவர்களுக்கு: ஐபோன் 14 முதல் அந்த அவசர வசதி 2023 மே மாதத்திலிருந்து இங்கே உண்டு, நல்லது. இந்த ஜூனில் டெல்ஸ்ட்ரா தொடங்கிய செயற்கைக்கோள் குறுஞ்செய்தி எழுத்தை மட்டும் அனுப்பும், 000க்கு உதவாது. இரண்டுமே, வண்டி உருண்டபின் கண்ணாடி உடையாமலும் சார்ஜ் தீராமலும் இருக்கும் கைபேசியை நம்பி இருப்பவை.

டிசம்பரில் இவற்றையெல்லாம் செய்து காட்ட ஒரு சனிக்கிழமைப் பயிற்சி வைத்தோம். இருபத்திரண்டு குடும்பங்கள் வருவதாகச் சொன்னார்கள், ஏழு பேர் வந்தார்கள். அன்று கிரிக்கெட் இருந்தது என்று பின்னர் அறிந்தேன். இருபத்திரண்டு குடும்பங்களுக்குச் செய்த வடையை ஏழு பேர் சாப்பிட்டோம்.

கணக்கு: பொருளாளர் அவர்கள் இணைத்துள்ள தாளில் விவரம் உண்டு. வரவும் செலவும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. பெட்டிக்கான செலவைச் செயற்குழு தீர்மானம் போட்டு ஒப்புக்கொண்டது, அந்தக் கூட்டத்துக்கு வராதவர்கள் அறிக. மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களின் சந்தா இன்னும் வரவில்லை. பாக்கி வைத்திருப்பவர்களில் நால்வர் பெட்டியை இரவல் வாங்கியவர்கள். செய்திக் கருவியின் மாதக் கட்டணம் சில மாதங்கள் வேறொருவரின் சொந்த அட்டையிலிருந்து போனது. அவர் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நன்றி: தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், அரங்கம் தந்தவர்களுக்கும், தாள் தட்டு வாங்கிவந்தவர்களுக்கும், பயணத்தில் கடைசி வண்டியாக வந்து எல்லோரையும் எண்ணிக்கொண்டே வந்த அக்காவுக்கும்.

வரும் ஆண்டில் வெள்ளம் வடிந்தால் பேர்ட்ஸ்வில் பாதையை மீண்டும் முயலலாம். அதற்கு இன்னொரு செய்திக் கருவி வேண்டும், ஒரு பிஎல்பி குழுவின் தலைக்கும் வாலுக்கும் பத்தாது. பணம் இருந்தால் வாங்கலாம். செயலாளர் பொறுப்பை நான்கு ஆண்டுகள் பார்த்தாயிற்று, வேறொருவர் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். வேட்புமனுப் படிவங்கள் வாசலில் இருக்கின்றன. நேற்று எண்ணியபோது அனைத்தும் வெற்றுத்தாள்களாகவே இருந்தன.

கடைசியாக ஒரு அறிவிப்பு. பெட்டியில் யுஎச்எஃப் கைக்கருவிகள் நான்கில் இரண்டும், 30 வோல்ட் மாற்றியும் காணவில்லை. மதிய உணவுக்கு முன் பின்மேசையில் வைத்துவிட்டால், யாரிடம் இருந்தது என்று கேட்கப்பட மாட்டாது.

இப்படிக்கு,
செயலாளர்