‘அன்னா’ யாருடைய பாட்டு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். 1963-இல் வெளியான அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியை ஒரே நாளில் பதிவு செய்து முடித்த கதை பிரமாதம். ஆனால் அதிலுள்ள ‘அன்னா’ என்ற பாட்டை அந்தக் குழுவின் ஜான் லெனன் உருகிப் பாடியதற்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கிய கட்டுரையாளர், அதை எழுதியது யார் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அந்த ஆல்பத்தின் 14 பாடல்களில் 6 பீட்டில்ஸ் எழுதியவை அல்ல. ‘அன்னா’வை எழுதி 1962-இல் முதலில் பாடியவர் ஆர்தர் அலெக்சாண்டர் என்ற கறுப்பினப் பாடகர்.

அலபாமா மாநிலத்து ஷெஃபீல்டில் 1940-இல் பிறந்தவர். ஹோட்டலில் பெட்டி தூக்கும் வேலை பார்த்துக்கொண்டே பாட்டு எழுதினார். பக்கத்து ஊரான மசில் ஷோல்ஸில் பழைய புகையிலைக் கிடங்கு ஒன்றில் ரிக் ஹால் என்பவர் ஸ்டுடியோ நடத்திவந்தார். 1961-இல் அலெக்சாண்டரின் ‘யூ பெட்டர் மூவ் ஆன்’ பாட்டு அங்கே பதிவாகி, அமெரிக்க ஹிட் பாடல் பட்டியலில் 24-ஆவது இடம்வரை போனது. அதில் வந்த பணத்தில் ஹால் புது ஸ்டுடியோ கட்டினார். புகழ்பெற்ற பாடகர்கள் வில்சன் பிக்கெட்டும் அரீதா ஃபிராங்க்ளினும் பிற்பாடு வந்து பாடியது அங்கேதான். ஸ்டுடியோ பேர் வாங்கியது. பாடினவர் பேர் வெளியே தெரியவில்லை.

இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ‘யூ பெட்டர் மூவ் ஆன்’ பாட்டில், தன் காதலிக்கு நல்ல துணியும் வைர மோதிரமும் வாங்கித் தரக்கூடிய பணக்காரனைப் பார்த்து, இடத்தைக் காலி பண்ணு என்கிறான் ஒரு ஏழை. சொல்வது எச்சரிக்கை, குரலிலோ பயம். ‘அன்னா’வில் நேர்மாறு. மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நீ விரும்புகிற அந்த இன்னொருவனோடு போ என்று காதலியையே அனுப்பிவிடுகிறான். இரண்டையும் கத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் பாடியிருப்பார் அலெக்சாண்டர். அவர் பாட்டில் பியானோவில் வரும் அந்தச் சின்ன வாசிப்பைத்தான் பீட்டில்ஸுக்காக ஜார்ஜ் ஹாரிசன் கிட்டாரில் வாசித்தார். லெனன் குரலில் உருக்கம் கூடுதல், சரி. என் காதுக்கு அலெக்சாண்டர்தான்.

‘யூ பெட்டர் மூவ் ஆன்’ பாட்டை 1964-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவினர் பாடினார்கள். அவருடைய ‘சாலி சூ பிரவுன்’ பாட்டை 1988-இல் பாப் டிலன் பாடினார். எல்விஸ் பிரெஸ்லியின் பெரிய வெற்றியான ‘பர்னிங் லவ்’ (இது வேறொருவர் எழுதியது) பாட்டைக்கூட எல்விஸுக்கு முன்பே பதிவு செய்தவர் அலெக்சாண்டர்தான். இத்தனை பேர் பாடியும் அவர் கைக்கு வந்த பணம் சொற்பம். கடைசியில் பாட்டையே விட்டுவிட்டு, கிளீவ்லண்டில் ஒரு சமூக சேவை அமைப்புக்கு பஸ் ஓட்டினார். அப்புறம் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, 1993-இல் புது ஆல்பம் வெளியிட்டார். விமர்சகர்கள் பாராட்டினார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் நாஷ்வில்லில் மாரடைப்பால் காலமானார். வயது 53.

பீட்டில்ஸின் அந்த முதல் ஆல்பத்தில் ஷிரெல்ஸ், குக்கீஸ், ஐஸ்லி பிரதர்ஸ் ஆகியோர் முன்பே பாடிப் பிரபலமாக்கிய பாட்டுகளும் இருக்கின்றன. அவர்களைப் பற்றியும் ஒரு கட்டுரை போடலாமே?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்