18 அடிச் சாய்தளமும் ஒரு இட்லிக் கடையும்

எங்கள் தெருவுக்கு வந்துபோன எல்லோருக்கும்,

வணக்கம். நான் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு வருடம் ஆகிறது. தெருமுனை ரேஷன் கடைக் கட்டடத்தில் சாய்தளம் கட்டிய புதிதில் ஆசையாக அழைத்துப் போனேன். பாதி ஏறியதும் சக்கர நாற்காலி பின்னால் சரிந்துவிட்டது. நல்லவேளை, பிடித்துக்கொண்டேன். அதன்பிறகு அம்மா வாசலைத் தாண்டவில்லை. அந்தச் சாய்தளம் பிள்ளைகளுக்குச் சறுக்குமரம் ஆனது.

முதல் நன்றி, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் தங்கைக்கு. பி.பி. பார்ப்பதும் மாத்திரை தருவதும்தான் உங்கள் வேலை. ஆனால், “வெளியில போயி எத்தன நாளாச்சும்மா?” என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான். “போன ஆடிக்கு முந்தின ஆடி” என்றார் அம்மா. அந்தப் பதிலை நீங்கள் அப்படியே விட்டுவிடவில்லை.

அப்புறம், சமுதாய அமைப்பாளர் அக்காவுக்கும், களப்பணிக்கு வந்த சமூகப் பணி மாணவிகளுக்கும். வீடு வீடாக ஏறி, வெளியே வராதவர்கள் யார் என்று எழுதினீர்கள். எங்கள் தெருவில் மட்டும் 7 பேர்! பக்கத்து வீட்டுத் தாத்தாவையே நான் மறந்திருந்தேன். சாலைத் திட்ட வரைபடத்தில் கம்பம் இருக்கும், குழாய் இருக்கும். வீட்டுக்குள்ளேயே கிடப்பவர் அதில் எங்கே இருக்கப்போகிறார்?

எங்கள் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபாவில் அந்தப் பட்டியலை வைத்த பிறகு இன்ஜினியர் சார் வந்தார். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. எங்கள் படி ஒன்றரை அடி, கட்டியிருந்ததோ 5 அடி. மாணவி ஒருவர் கோலமாவு வாங்கி 18 அடிக்குக் கோடு இழுத்தார். கோடு நேராக இட்லிக்கார அக்காவின் தள்ளுவண்டிக்கு அடியில் போய் நின்றது.

எல்லோரும் கப்சிப். அம்மாவுக்கு வழி வேண்டும் என்று அந்த அக்காவின் பிழைப்பைக் கெடுப்பதா? “வண்டியை நகர்த்தினா சரி” என்று ஒருவர் சுலபமாகச் சொன்னார். அமைப்பாளர் அக்கா விடவில்லை. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை சாலையோர வியாபாரியை அகற்றக் கூடாது என்று 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதை எடுத்துச் சொன்னார். கடைசியில் 9 அடி போய், ஒரு சமதளம், அங்கிருந்து திரும்பி இன்னொரு 9 அடி. வண்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இன்ஜினியர் சாருக்கும் கொத்தனார் அண்ணனுக்கும் நன்றி.

சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் வாழ்ந்த ஊர் இது. இங்கே பாகாயத்தில் 1966-லேயே மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வு மையம் வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு ஒரு சரியான சாய்தளம் வர இத்தனை வருடம். கோபம் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்கிறது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. சாலையை அகலப்படுத்த வெட்டிய வேப்பமரத்துக்குப் பதில் ஒன்று நட வேண்டும். கத்திரி வெயிலில் அந்தச் சமதளத்தில் ஒரு நிமிடம் நிற்க முடியவில்லை.

அம்மா இப்போது வாரத்தில் இரண்டு நாள் கடைக்கு வருகிறார். திரும்பும்போது அந்த அக்காவிடம் நான்கு இட்லி. சட்னி தண்ணியாக இருக்கிறதாம், நேரிலேயே சொல்லிவிட்டார்.

நன்றியுடன்,
ரேஷன் கடைத் தெரு மகள்